வலைப் படிவத்தை ஜாவா ஆப்ஜெக்ட்டோடு கட்டுவது: ஸ்பிரிங்கில் முழு வழிகாட்டி

ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் ஊரில் ஒரு மீன் கமிஷன் கடைக்கு நான் முதன்முதலில் எழுதிக் கொடுத்த மென்பொருளில் 19 கட்டங்கள் கொண்ட ஒரு படிவம் இருந்தது. படகு கரை சேர்ந்ததும் கணக்குப்பிள்ளை அதில் பதிவார்: பதிவெண், எத்தனை பேர் கடலுக்குப் போனார்கள், டீசல் எத்தனை லிட்டர், ஐஸ் எத்தனை கட்டி, என்ன மீன் எத்தனை கிலோ. சர்வ்லெட்டில் (பிரவுசர் அனுப்புவதை வாங்கும் ஜாவா நிரல்) 'கெட்பாராமீட்டர்' என்று 19 முறை எழுதி, ஒவ்வொன்றையும் எண்ணாகவோ தேதியாகவோ மாற்றி, ஆப்ஜெக்ட்டில் ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒரு வரியை நகல் எடுத்து ஒட்டும்போது பெயரை மாற்ற மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை போன் வந்தது.

"தம்பி, உங்க கணக்குப்படி நம்ம படகு 300 ஐஸ் கட்டி ஏத்திட்டுப் போயிருக்கு. அவ்வளவு ஏத்துனா படகு மிதக்குமா?"

டீசல் லிட்டர் ஐஸ் கட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தது. அன்றைக்குத்தான் இந்த வேலையைக் கையால் செய்யக்கூடாது என்று முடிவெடுத்தேன். படிவத்தின் கட்டத்துக்கும் ஆப்ஜெக்ட்டின் ப்ராபர்டிக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால், எடுத்துப் போடும் வேலையை ஃபிரேம்வொர்க்கே பார்த்துக்கொள்ளும். இதைத்தான் டேட்டா பைண்டிங் என்கிறார்கள். ஆனால் ஃபிரேம்வொர்க் பெயரை மட்டுமே பார்க்கிறது, அனுப்பியவரின் நோக்கத்தைப் பார்ப்பதில்லை. எந்தப் பெயர்களைத் திறந்து வைக்கிறோம் என்பது முழுக்க நம் பொறுப்பு. இந்த வழிகாட்டியில் நான் அதிக நேரம் நிற்கப்போவது அந்த இடத்தில்தான்.

ஜாவாவின் வலை ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட்டும், எச்டிஎம்எல் பக்கங்களை உருவாக்கித் தரும் தைம்லீஃபும் வைத்து விளக்குகிறேன். ஜாவா யூனிகோட் பெயர்களை ஏற்கும் என்பதால் ப்ராபர்டி பெயர்களை இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் திட்டத்தில் குழுவின் வழக்கப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: படிவத்துக்கென்று தனி கிளாஸ்

தரவுத்தளத்தில் சேமிக்கும் என்டிட்டி கிளாஸை நேரடியாகப் படிவத்தோடு கட்டாதீர்கள். காரணம் படி 8-இல் வருகிறது. இப்போதைக்கு 'கரைவரவுப்படிவம்' என்று ஒரு சாதாரண கிளாஸ் எழுதுங்கள். அதில் பதிவெண், கரைசேர்ந்தநாள், டீசல், ஐஸ், காப்பீடுஉண்டா, ஆட்கள், பிடிப்புகள். கடைசி இரண்டும் லிஸ்ட். ஆட்களில் பெயரும் கைபேசியும், பிடிப்புகளில் மீன்வகையும் எடையும் விலையும். ஒவ்வொன்றுக்கும் கெட்டர், செட்டர், கூடவே அளவுரு எதுவும் இல்லாத கன்ஸ்ட்ரக்டர்.

எண்களுக்கு 'இன்ட்' வேண்டாம், 'இன்டீஜர்' வையுங்கள். கட்டத்தைக் காலியாக விட்டால் பிரவுசர் வெற்றுச் சரத்தை அனுப்பும். இன்டீஜர் என்றால் அது 'நல்' (மதிப்பே இல்லை என்பதற்கான ஜாவாவின் குறி) ஆகும். இன்ட்டுக்குள் நல் போகாது, எனவே நிரப்பாத கட்டத்துக்கே 'வகை பொருந்தவில்லை' என்று பிழை வரும். 'ஐஸ் ஏற்றவில்லை' என்பதும் 'ஐஸ் கணக்கை இன்னும் எழுதவில்லை' என்பதும் கடையில் வேறு வேறு விஷயம். பூஜ்யமும் நல்லும் அந்த வேறுபாட்டைக் காப்பாற்றும்.

கைபேசி எண்ணை ஸ்ட்ரிங்காக வையுங்கள். அதை யாரும் கூட்டிக் கழிக்கப்போவதில்லை.

படி 2: படிவத்தைக் காட்டுவது

கெட் ரிக்வெஸ்ட்டுக்கான கன்ட்ரோலர் மெத்தடில் ஒரு வெற்றுக் கரைவரவுப்படிவத்தை உருவாக்கி, 'வரவு' என்ற பெயரில் மாடலில் சேருங்கள். டெம்ப்ளேட்டில் ஃபார்ம் டேகில் டிஎச்:ஆப்ஜெக்ட் என்று அந்த வரவைக் குறிப்பிட்டு, ஒவ்வொரு இன்புட்டிலும் டிஎச்:ஃபீல்ட் என்று ப்ராபர்டி பெயரைக் கொடுங்கள். ஐடி, நேம், வேல்யூ மூன்றையும் தைம்லீஃப் தானே எழுதும்.

நேம் என்பதைக் கையால் எழுதும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து பிழைத்தாலும், தெரியாத பெயரை ஸ்பிரிங் இயல்பாகவே சத்தமில்லாமல் விட்டுவிடும். பிழைச் செய்தி இல்லை, லாகில் ஒரு வரி இல்லை, ப்ராபர்டி மட்டும் 'நல்' ஆக நிற்கும். டிஎச்:ஃபீல்டில் தவறான பெயர் எழுதினால் பக்கத்தைத் திறக்கும்போதே வெடித்துவிடும். அந்த வெடிப்புதான் நமக்கு வேண்டும்.

படி 3: அனுப்பியபின் உள்ளே நடப்பது

போஸ்ட் மெத்தடின் அளவுருவில் @மாடல்ஆட்ரிபியூட் போட்ட கரைவரவுப்படிவம் இருந்தால், ஸ்பிரிங் முதலில் ஒரு புதிய ஆப்ஜெக்ட்டை உருவாக்கும். பிறகு வெப்டேட்டாபைண்டர் ரிக்வெஸ்ட்டில் வந்த பெயர்களையும் மதிப்புகளையும் ஒரு பட்டியலாக எடுக்கும். பீன்ராப்பர் ஒவ்வொரு பெயரையும் வாசித்து அதற்குரிய செட்டரைத் தேடும். பெயரில் புள்ளி இருந்தால் உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட்டுக்கு இறங்கும், சதுர அடைப்பு இருந்தால் லிஸ்ட்டின் அந்த இடத்துக்குப் போகும். செட்டர் கேட்கும் வகைக்கு ஏற்ப ஸ்ட்ரிங்கை மாற்றும். மாற்ற முடியாவிட்டால் நிரலை நிறுத்தாது, அந்தப் பிழையைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போகும். எல்லாம் முடிந்தபின் @வேலிட் இருந்தால் விதிகளைச் சரிபார்க்கும்.

இந்த வரிசை மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். முதலில் ஆப்ஜெக்ட்டை உருவாக்குவது, பிறகு ஒவ்வொரு மதிப்பையும் மாற்றிப் போடுவது, கடைசியில்தான் சரிபார்ப்பது.

படி 4: மாற்றம், அதாவது எல்லாரும் இடறும் இடம்

தேதியை எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தடை முடிந்து படகுகள் இறங்கும் ஜூன் 15-ஐக் கணக்குப்பிள்ளை தேர்ந்தெடுக்கிறார். திரையில் 15/06/2025 என்று தெரியும். ஆனால் டேட் வகை இன்புட் எந்த நாட்டுப் பிரவுசரிலும் அனுப்புவது 2025-06-15 என்ற வடிவத்தில்தான். எனவே ப்ராபர்டியின் மேல் @டேட்டைம்ஃபார்மேட் போட்டு ஐஎஸ்ஓ வடிவம் (வருடம்-மாதம்-நாள்) என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் லொக்கேலின் (மொழி, நாடு அமைப்பின்) சுருக்க வடிவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். திருத்துவதற்காகப் பழைய பதிவைத் திறக்கும்போது இன்னொரு தொல்லையும் வரும்: ஐஎஸ்ஓ அல்லாத வடிவத்தில் வேல்யூ எழுதப்பட்டால் டேட் இன்புட் அதைப் புரிந்துகொள்ளாமல் காலியாக நிற்கும். பார்க்கிறவர் தேதி அழிந்துவிட்டது என்று பதறுவார்.

அடுத்தது காற்புள்ளி. இறால் விலைபோன நாளில் மொத்தத் தொகையை 1,25,000 என்றுதான் நம் கணக்குப்பிள்ளை எழுதுவார். 40 வருடப் பழக்கம், அதை மாற்றச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஸ்பிரிங்கின் சாதாரண எண் மாற்றி அந்தக் காற்புள்ளியைப் பார்த்ததும் பிழை சொல்லும். @நம்பர்ஃபார்மேட் போட்டால், நம் லட்சக் கணக்குக் காற்புள்ளிகளையும் ஆங்கில லொக்கேலில் சரியாகவே வாசிக்கும். இன்புட்டின் வகையை மட்டும் 'நம்பர்' என்று வைக்காமல் 'டெக்ஸ்ட்' என்று வைத்து, கைபேசியில் எண் விசைப்பலகை வர இன்புட்மோட் கொடுங்கள். நம்பர் வகை காற்புள்ளியையே அனுமதிக்காது.

பணத்துக்கு 'டபுள்' வேண்டவே வேண்டாம், பிக்டெசிமல் வையுங்கள். கமிஷன் சதவீதம் கழிக்கும் இடத்தில் பைசா விளையாடும்.

பிறகு பதிவெண். ராமேசுவரம் விசைப்படகுகளில் ஐஎன்டி, டிஎன், 10, எம்எம் என்று வரிசையாக வந்து கடைசியில் படகின் எண் இருக்கும். ஒருவர் இடையில் கோடு போடுவார், ஒருவர் இடைவெளி விடுவார், ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுவார். மூன்றும் ஒரே படகு. இதை ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் சுத்தம் செய்வதைவிட, 'பதிவெண்' என்றே ஒரு சின்ன கிளாஸ் எழுதி, அதற்கு ஒரு ஃபார்மேட்டர் எழுதுங்கள். ஃபார்மேட்டருக்கு இரண்டு மெத்தட். 'பார்ஸ்' ஸ்ட்ரிங்கை வாங்கி, கோடும் இடைவெளியும் நீக்கிப் பதிவெண்ணாக்கும். 'பிரிண்ட்' அதை ஒரே சீரான வடிவத்தில் திருப்பி எழுதும். @காம்பொனென்ட் போட்டால் ஸ்பிரிங் பூட் தானே பதிவுசெய்துகொள்ளும். அதன்பின் எந்தப் படிவத்தில் பதிவெண் வந்தாலும் ஒரே நடத்தைதான்.

படி 5: பிழையை வாங்கி வைப்பது

மெத்தடின் அளவுருக்களில், @மாடல்ஆட்ரிபியூட் போட்ட ஆப்ஜெக்ட்டை ஒட்டி, அடுத்த இடத்திலேயே, பிழைகளை வாங்கி வைக்கும் பைண்டிங்ரிசல்ட் இருக்க வேண்டும். இடையில் மாடலையோ வேறு எதையோ நுழைத்தால், பிழை வந்ததும் ஸ்பிரிங் உங்கள் மெத்தடுக்குள் வராமலேயே 400 என்று திருப்பி அனுப்பிவிடும். மணிக்கணக்கில் தேடவைக்கும் தவறு இது.

மெத்தடின் முதல் வேலை, பைண்டிங்ரிசல்ட்டில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் அதே டெம்ப்ளேட்டைத் திரும்பக் காட்டுங்கள், ரீடைரக்ட் வேண்டாம். டீசல் கட்டத்தில் ஒருவர் 'முந்நூறு' என்று எழுத்தால் எழுதியிருந்தால் அது இன்டீஜருக்குள் போயிருக்காது. ஆனாலும் டிஎச்:ஃபீல்ட் அந்த 'முந்நூறு' என்ற சொல்லையே கட்டத்தில் திரும்பக் காட்டும். நிராகரிக்கப்பட்ட மதிப்பை பைண்டிங்ரிசல்ட் தன்னிடம் வைத்திருக்கிறது. விடியற்காலையில், ஈரக் கையோடு, நின்றுகொண்டே 19 கட்டங்களை நிரப்பியவருக்கு வெற்றுப் படிவத்தைத் திருப்பிக் கொடுப்பது அவர் உழைப்பை மதிக்காத செயல். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

செய்தி தமிழில் வர வேண்டும். எண் அல்லாததை எண் கட்டத்தில் எழுதினால் ஸ்பிரிங் 'டைப்மிஸ்மேட்ச்' என்று தொடங்கும் குறியீடுகளை வரிசையாகத் தேடும். முதலில் ஆப்ஜெக்ட் பெயரும் ப்ராபர்டி பெயரும் சேர்ந்தது, பிறகு ப்ராபர்டி மட்டும், பிறகு வகை, கடைசியில் வெறும் டைப்மிஸ்மேட்ச். மெசேஜஸ் ப்ராபர்டீஸ் கோப்பில் 'டைப்மிஸ்மேட்ச்.வரவு.டீசல்' என்பதற்கு நேராக 'டீசலை எண்ணால் எழுதுங்கள், 250 என்பதுபோல' என்று எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் ஜாவாவின் நீண்ட ஆங்கிலப் பிழை வாக்கியம் அப்படியே திரைக்கு வந்துவிடும். தமிழ்ச் செய்திகளை 'டிஏ' பின்னொட்டுக் கோப்பில் மட்டும் வைக்காமல், அடிப்படைக் கோப்பிலேயே வையுங்கள். இங்கே பெரும்பாலோர் கைபேசியின் மொழி ஆங்கிலமாக இருக்கும், பிரவுசரும் ஆங்கிலம்தான் கேட்கும்.

படி 6: விதிகள், தமிழ்ப் பெயர்கள்

ஸ்பிரிங் பூட் 2.3 முதல் வேலிடேஷன் ஸ்டார்ட்டரைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பூட் 3 முதல் பேக்கேஜ் பெயர் ஜாவாஎக்ஸிலிருந்து ஜகார்த்தாவுக்கு மாறிவிட்டது. பழைய எடுத்துக்காட்டை நகல் எடுத்தால் இங்கே தடுமாறுவீர்கள். @நாட்பிளாங்க், @பாசிட்டிவ், @பாஸ்ட்ஆர்பிரசென்ட் எல்லாம் பெயரிலேயே விளங்கும். லிஸ்ட்டுக்குள் இருப்பவையும் சரிபார்க்கப்பட வேண்டுமானால் லிஸ்ட்டின் மேலும் @வேலிட் போட மறக்காதீர்கள்.

தமிழில் பெயர் எழுதும்போது வரும் சிக்கலை ஆங்கில வழிகாட்டிகள் சொல்வதில்லை. தங்கச்சிமடம் பக்கம் அடிக்கடி கேட்கும் பெயர் அந்தோணி. நாம் எண்ணினால் 4 எழுத்து. ஜாவாவின் லெங்த்துக்கு அது 7. மெய்யின் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் அது தனித்தனியாக எண்ணும். @சைஸ் போடும்போது தாராளமாக இடம் விடுங்கள்.

இன்னும் மோசமானது @பேட்டர்ன். 'எழுத்துகள் மட்டும்' என்பதற்கு யூனிகோடின் எல் (எழுத்து) வகையை மட்டும் அனுமதித்தால் அந்தோணி நிராகரிக்கப்படுவார். 'ந்' மேலுள்ள புள்ளியும் 'தோ'வின் ஓகாரக் குறியும் எல் வகை இல்லை, எம் (எழுத்தோடு ஒட்டும் குறி) வகை. இரண்டையும் அனுமதிக்க வேண்டும், தலைப்பெழுத்துக்குப் பின் வரும் புள்ளியையும் இடைவெளியையும் சேர்த்து. தன் பெயரைச் சரியாக எழுதிய ஒருவரிடம் 'பெயர் தவறு' என்று சொல்லும் மென்பொருளை யாரும் மன்னிக்க வேண்டியதில்லை.

அதே ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரமும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடும்போது இரண்டும் வேறு. ஒரே ஆள் சம்பளக் கணக்கில் இருவராக நிற்பார். இதற்கு, பைண்டர் வேலையைத் தொடங்கும் முன் ஓடும் @இனிட்பைண்டர் மெத்தடில் ஸ்ட்ரிங் வகைக்கென்று ஒரு எடிட்டரைப் பதிவுசெய்யுங்கள். ஓர இடைவெளிகளை வெட்டி, வெற்றுச் சரத்தை நல்லாக்கி, ஜாவாவின் நார்மலைசரால் என்எஃப்சி வடிவத்துக்கு (அந்த இரண்டு குறிகளையும் ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) கொண்டுவருவது அதன் வேலை. ஏறக்குறைய பத்து வரி. அந்த பைண்டரைக் கடக்கும் ஸ்ட்ரிங் எல்லாம் சீராகிவிடும்.

படி 7: லிஸ்ட்டும் செக்பாக்ஸும்

ஆட்கள்[0].பெயர், ஆட்கள்[1].பெயர் என்று பெயர்கள் வந்தால் ஸ்பிரிங் லிஸ்ட்டைத் தேவைக்கேற்ப நீட்டிக்கொள்ளும். பக்கத்தில் 'ஆள் சேர்' பொத்தான் வைத்து, ஜாவாஸ்கிரிப்டில் அடுத்த எண்ணோடு ஒரு வரியைச் சேர்க்கலாம். நீக்கும்போதுதான் கவனம் தேவை. 0, 1, 2, 3 என்று நான்கு பேரில் 2-ஐ நீக்கிவிட்டு எண்களைத் திருத்தாமல் அனுப்பினால், 2-ஆம் இடத்தில் ஒரு வெற்று ஆளை ஸ்பிரிங் உருவாக்கி நிறுத்தும். அவரிடம் பெயர் கேட்டு வேலிடேஷன் பிழை வரும், அந்தப் பிழையைக் காட்டத் திரையில் வரியே இருக்காது. அனுப்பும் முன் எண்களை வரிசைப்படுத்திவிடுங்கள். தானாக நீளும் அளவுக்கு இயல்பான வரம்பு 256. யாராவது வேண்டுமென்றே பெரிய எண் அனுப்பி நினைவகத்தை நிரப்பாமல் அது காக்கிறது, எனவே காரணமில்லாமல் உயர்த்த வேண்டாம்.

செக்பாக்ஸைத் தேர்வு செய்யாவிட்டால் பிரவுசர் எதையுமே அனுப்பாது. பழைய பதிவில் காப்பீடு 'உண்டு' என்று இருந்து, இப்போது டிக்கை எடுத்துவிட்டால், எதுவும் வராததால் 'உண்டு' என்றே நின்றுவிடும் அபாயம் உண்டு. டிஎச்:ஃபீல்ட் பக்கத்திலேயே அடிக்கோட்டில் தொடங்கும் பெயரோடு மறைவான இன்புட் ஒன்றை வைக்கும். அதைப் பார்த்து 'கட்டம் இருந்தது, டிக் இல்லை' என்று ஸ்பிரிங் புரிந்துகொள்ளும். கையால் செக்பாக்ஸ் எழுதுகிறவர்கள் அதையும் கையால் எழுத வேண்டும்.

படி 8: திறந்த கதவுகளை எண்ணுங்கள்

இப்போது படி 1-க்குத் திரும்புவோம். படகு என்ற என்டிட்டியில் 'பாக்கிதீர்ந்ததா' என்று ஒரு ப்ராபர்டி இருக்கிறது என்று வையுங்கள். கடை முதலாளி மட்டும் வேறு பக்கத்தில் மாற்ற வேண்டியது. கரைவரவுப் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. ஆனால் நீங்கள் அந்த என்டிட்டியையே @மாடல்ஆட்ரிபியூட் ஆக்கியிருந்தால், பிரவுசரின் டெவலப்பர் கருவியைத் திறந்து, பாக்கிதீர்ந்ததா என்ற பெயரில் ஓர் இன்புட்டைச் சேர்த்து 'ட்ரூ' என்று அனுப்ப யாராலும் முடியும். செட்டர் இருக்கிறது, பெயர் பொருந்துகிறது, ஸ்பிரிங் போட்டுவிடும். கடன் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். திரையில் கட்டம் இல்லை என்பது எந்தப் பாதுகாப்பும் ஆகாது.

இதை மாஸ் அசைன்மென்ட் என்பார்கள். ஜாவாவுக்கு மட்டும் உரிய நோய் இல்லை. 2012 மார்ச்சில், ரெயில்ஸ் என்ற ரூபி மொழி ஃபிரேம்வொர்க்கில் எழுதப்பட்ட கிட்ஹப் தளத்திலேயே இந்த ஓட்டை வழியாக ஒருவர் தன் சாவியை ரெயில்ஸ் திட்டத்தின் கணக்கில் சேர்த்துக் காட்டினார்.

ஸ்பிரிங்கில் இதைவிட ஆழமாகப் போனது 2022 மார்ச்சில் வெளியான ஸ்பிரிங்4ஷெல் என்ற ஓட்டை. ஒவ்வொரு ஜாவா ஆப்ஜெக்ட்டுக்கும் 'கிளாஸ்' என்று ஒரு ப்ராபர்டி இயல்பிலேயே உண்டு. அதன் வழியாக கிளாஸ்லோடருக்கு (கிளாஸ்களை நினைவகத்தில் ஏற்றும் பகுதி) போகும் பாதையை ஸ்பிரிங் 2010-லேயே அடைத்திருந்தது. ஜாவா 9-இல் 'மாட்யூல்' என்ற புதிய ப்ராபர்டி வந்தது. கிளாஸ், மாட்யூல், கிளாஸ்லோடர் என்று சுற்றுவழி திறந்துகொண்டது. டாம்கேட் சர்வரில் வார் கோப்பாக (ஜாவா வலை மென்பொருளின் தொகுப்பு) நிறுவிய மென்பொருள்களில், வெறும் படிவப் பெயர்களை அனுப்பியே லாக் அமைப்புகளை மாற்றி, சர்வரில் நிரல் கோப்பு எழுத முடிந்தது. 5.3.18, 5.2.20 பதிப்புகளில் சரிசெய்தார்கள். பெயரை நம்பிக் கட்டுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது.

எனவே படிவத்துக்கென்று தனி கிளாஸ். அதில் அந்தப் படிவம் தொடலாம் என்று நீங்கள் முடிவுசெய்த ப்ராபர்டிகள் மட்டும். பிறகு சர்வீஸில் படிவத்திலிருந்து என்டிட்டிக்கு நீங்களே எடுத்து வையுங்கள். தனி கிளாஸ் முடியாத பழைய திட்டமானால் @இனிட்பைண்டரில் செட்அலவுட்ஃபீல்ட்ஸ் போட்டு அனுமதிக்கும் பெயர்களை வரிசையாகச் சொல்லுங்கள். தடுக்கும் பட்டியலான செட்டிஸ்அலவுட்ஃபீல்ட்ஸை நம்பாதீர்கள். நாளைக்கு என்டிட்டியில் புதிய ப்ராபர்டி சேர்ப்பவர் அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கமாட்டார். படகின் ஐடியையும் மறைவான இன்புட்டில் வாங்காமல், யூஆர்எல்லில் வாங்கி, அந்தப் படகு உள்ளே நுழைந்திருப்பவருக்கு உரியதா என்று சர்வரில் பாருங்கள்.

புதிதாக எழுதுகிறவர்கள் படிவ கிளாஸை ஜாவா ரெக்கார்டாக எழுதலாம். செட்டரே இல்லை, கன்ஸ்ட்ரக்டர் வழியாகத்தான் கட்டும், அதில் சொல்லாத பெயர் உள்ளே வராது. ஸ்பிரிங் 6.1-இல் @பைண்ட்பாரம் வந்தபின் படிவப் பெயரும் ரெக்கார்டின் பெயரும் வேறாக இருந்தாலும் பொருத்திக்கொள்ளலாம்.

படி 9: சேமித்தபின்

எல்லாம் சரியானால் சேமித்துவிட்டு ரீடைரக்ட் செய்யுங்கள். பாம்பன், தனுஷ்கோடிப் பக்கம் சிக்னல் வந்து போகும். பக்கம் வரவில்லை என்று மறுபடி இழுத்துப் புதுப்பித்தால், ரீடைரக்ட் இல்லாத இடத்தில் அதே வரவு இரண்டாம் முறை பதிவாகும். ரீடைரக்டுக்கு முன்பே இணைப்பு அறுந்து பொத்தானை மறுபடி அழுத்துகிறவர்களுக்காக, படிவத்தைக் காட்டும்போதே ஒரு தனி எண்ணை உருவாக்கி மறைவான இன்புட்டில் வைத்து, தரவுத்தளத்தில் அதை யுனீக் ஆக்கிவிடுங்கள். இரண்டாம் முறை வருவது நிராகரிக்கப்படும்.

மற்ற ஃபிரேம்வொர்க்குகள்

ஜாவாவின் இன்னொரு வலை ஃபிரேம்வொர்க்கான ஜேஎஸ்எஃப்பில் இன்புட்டின் வேல்யூவிலேயே பீனின் (படிவ ஆப்ஜெக்ட்டின்) ப்ராபர்டியை எழுதுவோம். அங்கே ரிக்வெஸ்ட் ஆறு நிலைகளாகப் போகும், முக்கியமான வேறுபாடு வரிசையில்: மாற்றமும் சரிபார்ப்பும் முடிந்தபிறகுதான் மாடலில் மதிப்பு ஏறும். ஒரு கட்டத்தில் பிழை இருந்தாலும் பீன் பழையபடியே இருக்கும். ஸ்பிரிங்கில் ஆப்ஜெக்ட் ஏற்கெனவே நிரம்பியபின்தான் சரிபார்ப்பு, எனவே பிழை உள்ள ஆப்ஜெக்ட்டைத் தவறிக்கூடச் சேமிக்கக்கூடாது.

ஜேசன் அனுப்பும் பக்கங்களில் @ரிக்வெஸ்ட்பாடி போட்டால் மேலே சொன்ன பைண்டர் வேலையே செய்யாது. ஜாக்சன் நூலகம் மாற்றும். @டேட்டைம்ஃபார்மேட், இனிட்பைண்டரில் போட்ட எடிட்டர், அனுமதிப் பட்டியல் எதுவும் அங்கே செல்லாது. பதிவெண்ணுக்கும் என்எஃப்சி வடிவத்துக்கும் ஜாக்சனில் தனியாக எழுத வேண்டும். மாஸ் அசைன்மென்ட் ஆபத்து மட்டும் அங்கேயும் அப்படியே இருக்கிறது.

படி 10: சோதனை

ஸ்பிரிங்கின் சோதனைக் கருவியான மாக்எம்விசி வைத்து, பிரவுசர் இல்லாமலே போஸ்ட் அனுப்பிப் பார்க்கலாம். என் திட்டங்களில் எப்போதும் வைத்திருக்கும் சோதனைகள் இவை: ஐஸ் காலி, தொகை 1,25,000, டீசல் 'முந்நூறு', கோடு போட்ட பதிவெண்ணும் போடாத பதிவெண்ணும், இரண்டு விதமாக எழுதிய அந்தோணி, நடுவில் ஆள் இல்லாத ஆட்கள் பட்டியல், கடைசியாகப் படிவத்தில் இல்லாத பாக்கிதீர்ந்ததா என்ற பெயர் 'ட்ரூ'வோடு. கடைசிச் சோதனையில் பிழை வருகிறதா என்று பார்க்காதீர்கள், வராது. தரவுத்தளத்திலிருந்து அந்தப் படகை மறுபடி எடுத்து, பாக்கி அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள்.